ஒரு ஓட்டுத் தம்பி

கோட்டின் நடுப் பொத்தான் மாட்டிக்கொள்ள மறுத்தது. காளிதாசன் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை முயன்றான். அதன்பிறகுதான் மூச்சை இழுக்க வேண்டிய ஆள் தான் இல்லை என்பது உறைத்தது.

"விடுங்கண்ணே, முதுகுப் பக்கம் வெட்டி விட்டுருவோம்" என்றார் சவப்பெட்டிக்கார ராமையா. சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். "முன்னால நின்னு பாக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது லா."

ஊதா நிறக் கோட்டு. பன்னிரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், அண்ணன் பழனியாண்டி இந்தக் கோட்டில்தான் தொலைக்காட்சியில் வந்தார். மார்பில் அக்கார்டியன் தொங்கும். சிடாம் கிரி தோட்டத்துக் கிளப்பில் எவனோ வெள்ளைக்காரன் விட்டுப்போன பெட்டி அது. வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் அண்ணன் அதைப் பேசப் பழக்கினார். அந்தப் பெட்டி மாமியார் மாதிரி முனகும், பழைய லாரி மாதிரி இருமும். நடுநடுவே அதை நிறுத்திவிட்டு, "என் தம்பி ஒருத்தன் இருக்கான்" என்று அண்ணன் ஆரம்பித்தால் போதும், கெடா மாநிலம் முழுக்கச் சிரிக்கத் தயாராகிவிடும்.

இந்த உலகத்தில் எவன் செய்த முட்டாள்தனமும் கடைசியில் அந்தத் தம்பி தலையில்தான் வந்து விழுந்தது. கோழி வாங்கப் போய்ச் சேவலிடம் அடி வாங்கியவன் தம்பி. பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனாருக்குப் பிடித்துப்போய், பெண்ணுக்குப் பிடிக்காமல் போனவன் தம்பி. காளிதாசன் கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கீழே வேலை செய்யும் பெண்கள் அவன் திட்டும்போதுகூட உதட்டைக் கடித்துக்கொண்டுதான் நிற்பார்கள்.

ராமையா கத்தரிக்கோலைத் துடைக்கத் துணி தேடிப் போனார். அறையில் இப்போது அண்ணனும் தம்பியும் மட்டும். காளிதாசன் குனிந்தான். அண்ணன் காதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஏழு வருடமாகச் சொல்லாதது. பெட்டி மூடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நேற்றிலிருந்து அது ஒன்றுதான் அவனை நடமாட வைத்துக்கொண்டிருந்தது. மற்றபடி உடம்பில் எதுவும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் மரத்துக் கிடக்குமே, ஆள் முழுவதும் அப்படி இருந்தது.

"அண்ணே" என்றான்.

"துணி கெடச்சிருச்சு" என்று ராமையா திரும்பி வந்தார்.

நேற்றுக் காலை தஞ்சோங் டாவாயில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் விழுந்தார். மீன்காரர்கள் சிரித்தார்களாம். ஒருவர் கைகூடத் தட்டினாராம். எழுந்து குனிந்து வணக்கம் சொல்வார் என்று கொஞ்ச நேரம் காத்திருந்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் அதைச் சொல்லிவிட்டு அந்த மீன்காரர் அழுதார். காளிதாசன்தான் அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான்.

கூடத்தில் அண்ணனைக் கிடத்தியதும் அண்ணி அழகம்மா காளிதாசனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"நான்கூட வேணாம்னுதான் சொன்னேன் தம்பி. எலெக்‌ஷன்லாம் நமக்கு எதுக்குன்னு சண்ட போட்டேன். அந்தச் சிடாம் கிரி ஜனத்துல நீ ஒருத்தன்தான் அவர நம்புன."

"விடுங்க அண்ணி."

"இல்ல. அத அவரு மறக்கவே இல்ல."

காளிதாசன் கையை விடுவித்துக்கொண்டு, பந்தலுக்குள் வெயில் வருகிறது என்று சொல்லி வெளியே போனான். வெயில் வரவில்லை.

தேர்தல் கதை இதுதான். ஏழு வருடங்களுக்கு முன்னால் அண்ணனுக்குத் திடீரென்று நிஜமாகப் பேச வேண்டும் என்று ஆசை வந்தது. தோட்டத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதைக் கேட்க ஆள் இல்லை என்று சட்டமன்றத் தொகுதியில் சுயேச்சையாக நின்றார். சின்னம் சாவி. "எங்க சனங்க எங்க போவாங்க?" என்று மேடையில் தழுதழுத்தால் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கண்ணைத் துடைத்தால் இன்னும் சிரித்தது. வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன்னால் அவரே தாங்க முடியாமல் போய், சிடாம் கிரி திடலில், "என் தம்பி ஒருத்தன் இருக்கான்" என்று ஆரம்பித்துவிட்டார். தம்பியின் முதலிரவுக் கதை. காளிதாசனின் மனைவி நளினி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். காளிதாசன் சிரித்த முகத்தை வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தான்.

வாக்குச்சாவடியில் வயதைப் பார்த்து வரிசை பிரிப்பார்கள். சாலுரான் என்று பெயர். பெரியவர்கள் முதல் சாலுரான். அண்ணனும் அண்ணியும் அதில். காளிதாசன் இரண்டாவதில். நளினிக்குப் பாடாங் மேஹாவில், அவள் அம்மா வீட்டு விலாசத்தில் ஓட்டு. மறைப்புக்குள் நின்று சாவியைப் பார்த்தபோது காளிதாசனுக்குத் திடல் முழுக்கச் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. இவர் ஜெயித்தால் அந்த முதலிரவு சட்டமன்றத்துக்கும் போகும். ஒரே ஒரு ஓட்டு, அதனால் என்ன ஆகிவிடப்போகிறது? கை, அண்ணனை எதிர்த்து நின்ற தர்மலிங்கத்தின் பெயருக்கு நேரே போய்க் கோடு போட்டுவிட்டது. கையைக் குறை சொல்வது சுலபம். அவன் பல வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

ஒவ்வொரு சாலுரானையும் தனியாக எண்ணி, படிவத்தில் எழுதி, முகவர்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். அண்ணனுக்குத் தொகுதி முழுக்க விழுந்தது நூற்றுச் சொச்சம். இரண்டாம் சாலுரானில், கூடவே பிறந்து வளர்ந்த ஆட்களின் வரிசையில், ஒன்று.

"ஒண்ணே ஒண்ணு!" என்று அன்று வீட்டுக்குள் நுழையும்போதே அண்ணன் கத்தினார். "அது யாருன்னு எனக்குத் தெரியும்!"

காளிதாசனைக் கட்டிப்பிடித்தார். அடுத்த மாதமே அது மேடைக்கு வந்தது. அண்ணன் வாழ்நாளில் போட்ட நிகழ்ச்சிகளிலேயே பெரிய வெற்றி அதுதான். தோற்ற கதையைச் சொல்லிச் சொல்லிக் கடைசியில் அக்கார்டியனை நீளமாக ஒரு இழுப்பு இழுத்து, "அந்த ஒரு ஓட்டு எவன் போட்டான் தெரியுமா? டேய் தம்பி, எந்திரி!" என்பார். காளிதாசன் எழுந்து நிற்பான். கைதட்டல் காதைப் பிளக்கும். "போதும், உக்காருடா. ரொம்ப நேரம் நின்னா உன்னையும் வேட்பாளராக்கிருவானுங்க" என்பார் அண்ணன். உட்காருவான்.

நிற்கும் ஒவ்வொரு முறையும் அவன் கூட்டத்தில் தேடுவான். அந்த ஒன்றை நிஜமாகவே போட்டவன் எவன்? தன் கணக்கில் இவ்வளவு கைதட்டல் வாங்கிக் கொடுத்தவன்? முடிதிருத்தும் மணியத்தின்மீது சந்தேகம் இருந்தது. இரண்டு வருடம் காரணமில்லாமல் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தான். மணியமும் ஏன் என்று கேட்காமல் குடித்தார்.

"காளி அண்ணே."

பந்தல் ஓரத்தில் புவனேசன் நின்றான். அண்ணனின் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன். தேர்தலில் இரண்டாம் சாலுரானுக்கு அண்ணனின் முகவரும் அவன்தான்; அவன் ஓட்டு மட்டும் இளையவர்கள் சாலுரானில். கறுப்புச் சட்டை போட்டிருந்தான். காளிதாசனைத் தள்ளிக்கொண்டுபோய் வேனின் பின்பக்கம் நிறுத்தினான்.

"இது ரொம்ப நாளா என் டிரம்ஸ் பெட்டியில கெடக்கு. அண்ணன் இருந்தவரைக்கும் சரி. இப்ப என்ன செய்யிறதுன்னு தெரியல. எரிச்சிரவா, உங்ககிட்ட குடுத்துரவா?"

பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த தாள். இரண்டாம் சாலுரானின் எண்ணிக்கைப் படிவம். மூன்று பெயர்கள், மூன்று எண்கள். பழனியாண்டி என்ற பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தில் பேனாவால் வட்டமாக, அழுத்தமாக, ஒரு பூஜ்யம்.

காளிதாசன் இன்னொரு முறை பார்த்தான். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். அங்கே எதுவும் இல்லை.

"முட்டைண்ணே" என்றான் புவனேசன், தரையைப் பார்த்துக்கொண்டு. "நான்தான் கையெழுத்து போட்டேன். வெளிய வந்து அவர்கிட்ட காட்டுனேன். தாள மடிச்சு என் சட்டப் பையில சொருகுனாரு. அப்புறம், 'ஒண்ணுன்னு சொல்லிரு'ன்னாரு."

"ஏன்?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'முட்டைக்கு எவன்டா சிரிப்பான், ஒண்ணுக்குத்தான் சிரிப்பான்'னாரு."

"வேற?"

"யாருக்கும் காட்டாதேன்னாரு." புவனேசன் மூக்கை உறிஞ்சினான். "உங்களுக்கு முக்கியமா."

உள்ளே யாரோ தேவாரம் ஆரம்பித்தார்கள். காளிதாசன் தாளை வாங்கி, இருந்த மடிப்பிலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அழுகை வருமா என்று காத்துப்பார்த்தான். வரவில்லை. மணியத்துக்கு வாங்கிக் கொடுத்த தேநீர்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"தண்ணி குடிச்சியா?" என்று புவனேசனைக் கேட்டான். "பெட்டி நெறைய பாட்டில் இருக்கு. எடுத்துக் குடி."

"என்னங்க" என்று நளினி வந்தாள். "ஒய்.பி. வந்துட்டாரு. பேசணுமாம். முன்னால வந்து உக்காருங்க, நீங்க இல்லாம நல்லா இருக்காது."

முன்வரிசையில், அண்ணன் கால்மாட்டுக்கு நேரே, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். காதில் சொல்வதற்கு இனி ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியதை அண்ணன் ஏழு வருடம் முன்பே தெரிந்துகொண்டு, அதற்கு மேடையும் கட்டி, கைதட்டலும் வாங்கிக் கொடுத்துவிட்டார். பட்டுத் துணிக்கு நடுவில் ஊதாக் கோட்டு பொத்தான் போட்டுக் கச்சிதமாக இருந்தது. முதுகு வெட்டியிருப்பது முன்னால் நின்று பார்ப்பவர்களுக்குத் தெரியவில்லை.

அன்று ஜெயித்துச் சட்டமன்ற உறுப்பினராகி ஒய்.பி. ஆன தர்மலிங்கம் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார்.

"பழனி அண்ணன் எனக்கு எதிரா நின்னாரு. ஆனா ஒருநாளும் என்னை எதிரியா நெனச்சதில்ல. ஜெயிச்ச அன்னைக்கு எனக்கு முதல் மாலை போட்டது யாரு? அவருதான். 'ஒய்.பி., உங்களுக்கு ஆயிரக்கணக்குல ஓட்டு. ஆனா எனக்கு விழுந்த அந்த ஒண்ணு உங்களுக்குக் கெடைக்காது'ன்னாரு."

பந்தலில் மெல்லச் சிரிப்பு கிளம்பியது. சாவு வீடு என்பதால் அடக்கிச் சிரித்தார்கள்.

'அது உங்க பெட்டியிலதான் கெடந்துச்சு ஒய்.பி.' என்று காளிதாசன் மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

"பாசம்னா அதுதாங்க. ஊரே சிரிக்கும்போது கூட நிக்கிறது. எங்க அந்தத் தம்பி?" ஒய்.பி. கையை நெற்றியில் வைத்துத் தேடினார். "தம்பி, எந்திரிங்க. எல்லாரும் பாக்கட்டும்."

தலைகள் திரும்பின. அண்ணியும் நிமிர்ந்து பார்த்தாள். வேன் பக்கமிருந்து புவனேசனும் பார்த்தான்; தண்ணீர் பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோகாமல் பாதியில் பிடித்திருந்தான்.

காளிதாசன் எழுந்து நின்றான்.

பழக்கதோஷத்தில் பின்னால் ஒருவர் கை தட்ட ஆரம்பித்து, இரண்டோடு நிறுத்திக்கொண்டார். ஒய்.பி. ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டார். ராமையா மூடியின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்து, "வாய்க்கரிசி போடுறவங்க வரிசையா வாங்க" என்றார். ஜனம் நகர்ந்தது. நளினி ஏதோ சொன்னாள். காளிதாசன் நின்றான். இதற்கு அடுத்து அண்ணன் சொல்லும் ஒரு வரி இருக்கிறது. எப்போதும் அதைக் கேட்ட பிறகுதான் அவன் உட்கார்ந்திருக்கிறான்.

பெட்டியைத் தூக்க வழி விடவேண்டும் என்று பின்னால் யாரோ நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்தார்கள். காளிதாசனின் நாற்காலியையும் எடுத்து அடுக்கினார்கள்.