இடது கன்னம்

ஐந்து வருஷம் முடிந்துவிட்டது, நோய் திரும்பவில்லை என்று டாக்டர் அம்மா சொன்னதும் அக்கா எழுந்து அவரைக் கட்டிப்பிடித்து முதுகில் ஒரு தட்டு தட்டினாள். மூட்டை தூக்கிய கை. டாக்டர் அம்மாவின் கண்ணாடி மேஜைக்கு அடியில் போய் விழுந்தது.

"இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்" என்றார் அவர், குனிந்து தேடிக்கொண்டே. "அடிக்காம வாங்க."

வாசலில் கண்ட ஐஸ் வண்டிக்காரனிடம் ஒரு பெட்டி குச்சி ஐஸை அப்படியே வாங்கி, சர்க்கரைக் கிடங்குக்குப் போகும் லாரியில் தொற்றி ஏறினாள். வழியெல்லாம் சிரிப்பு. டிரைவருக்கே தொற்றிக்கொண்டது. எதற்குச் சிரிக்கிறோம் என்று கேட்காமலே சிரித்தான்.

அக்காவுக்கு நாக்கில் இடப்பக்கம் ஒரு துண்டு கிடையாது. இடது கன்னத்தில் தொடைச் சதையை எடுத்துவைத்துத் தைத்திருக்கிறார்கள். "உக்காந்தா கன்னம் வலிக்குதுப்பா" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவளோடு அன்றைக்கு வார்டில் படுத்திருந்த சுமைகாரர்களில் இன்று உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான். அதே வருஷம் அதே நோயோடு வந்த பேங்க் கேஷியர் அம்மா ஒருத்தி உண்டு. பல் சுத்தம் பண்ணப் போன இடத்தில் பல் டாக்டர் கடுகளவில் கண்டுபிடித்துவிட்டார். வெட்டினார்கள், தைத்தார்கள், கேஷியர் அம்மா வேலைக்குப் போய்விட்டாள். முகத்தில் ஒரு கோடு கூட இல்லை. அக்கா போனபோது கட்டி எலுமிச்சம்பழம் அளவு.

"சீக்கிரம் வந்தா பத்துல எட்டு பேர் பிழைக்கிறாங்க. முத்திப்போய் வந்தா நாலு பேர் தேறுறதே பெரும்பாடு" என்று டாக்டர் அம்மா அப்போது சொன்னார். "உங்க ஆளுங்க எல்லாருமே ஏன் முத்தின பிறகு வர்றீங்க?"

"அவங்க வாயைப் பாக்க டாக்டர் இருக்காரு. எங்க வாய்க்குள்ள ஈதான் பாக்கும்" என்றாள் அக்கா.

கிடங்கில் எல்லோரும் வலது தோளில்தான் மூட்டை ஏற்றுவார்கள். தலை இடப்பக்கம் சாயும். மூட்டை உரசாத பக்கம் இடது கன்னம், அதனால் புகையிலை அங்கேதான் அடங்கும். பசி தெரியாது, தோள் எரிச்சல் தெரியாது. மாலை வரை அதே இடத்தில் ஊறும்.

லாரி உள்ளே நுழைந்தபோதே அக்கா கத்தினாள். "பாஸாயிட்டேன்டா!"

மூட்டைகள் தொப்பு தொப்பென்று இறங்கின. ஒட்டகம் என்று பேர் வாங்கிய நெட்டையன் அவளைத் தூக்கித் தோளில் வைத்து ஆடினான். மேஸ்திரி கூட ஐஸை இரண்டு கையில் வாங்கிக்கொண்டு, "எனக்கு ஒண்ணு, என் தொப்பைக்கு ஒண்ணு" என்றார்.

எல்லோரும் வாயைப் பிளந்து கடித்தார்கள். அக்காவின் தம்பி மட்டும் நுனியை நக்கிக்கொண்டு நின்றான். ஐஸ் இடப்பக்கம் பட்டதும் கண்ணைச் சுருக்கினான்.

ஒட்டகத்தின் தோள்மேலிருந்தே அக்கா பார்த்துவிட்டாள்.

"டேய் தம்பி, வாயைத் திற."

"போக்கா."

"திறடா."

ஐஸைப் போட்டுவிட்டு அவன் ஓடினான். மூட்டை அடுக்குக்கு மேலே ஏறி, அந்தப் பக்கம் குதித்து, தராசைச் சுற்றி ஓடினான். அக்கா பின்னாலேயே. விளையாட்டு என்று நினைத்து மற்றவர்களும் துரத்தினார்கள். ஒட்டகம் காலை நீட்டினான், தம்பி கவிழ்ந்தான், நாலு பேர் மேலே உட்கார்ந்தார்கள். கிடங்கே அதிர்ந்தது.

"வாய் நல்லாத் திறந்தா மூணு விரல் போகணும்" என்று அக்கா தன் விரல்களைச் சேர்த்து நிறுத்தினாள். இரண்டுதான் போயிற்று. மேஸ்திரியின் போனைப் பிடுங்கி டார்ச் அடித்தாள். இடது கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு, நடுவே சிவப்பு.

சிரிப்பு நின்றது.

"தெரியுமாடா உனக்கு?"

"தெரியும்" என்றான் தம்பி, கீழே கிடந்தபடியே. "நீ பட்டதைக் கூட இருந்து பாத்தவன்க்கா நான். மேஸ்திரிக்குத் தெரிஞ்சா வேலைக்கும் கூப்பிட மாட்டாரு."

"அதை நீயே முடிவு பண்ணிட்டியா?" என்றார் மேஸ்திரி. குரலில் வேகம் இல்லை. அவருடைய நாக்கு அவருடைய இடது கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தது, வெளியிலிருந்தே தெரிந்தது.

அக்கா இன்னொரு தடவை உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு அவள் முகம் விரிந்தது.

"டேய், இது எலுமிச்சம்பழம் இல்லடா! துவரம்பருப்பு சைஸ்கூட வராது! நீ கேஷியர் அம்மா வரிசைடா!"

"அக்காவுக்குக் கிறுக்கு" என்றான் தம்பி.

"ஆமாடா! எழுந்திரு, ஓ.பி. மூடுறதுக்குள்ள போகணும்!"

சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வாங்கப் போன அன்று, வெளி பெஞ்சில் ஒட்டகமும் மேஸ்திரியும் இன்னும் நாலு பேரும் தங்கள் வாயையும் காட்ட ஓ.பி. சீட்டு வாங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வாயை ஒருவர் பார்த்து, "உன் பல்லைப் பாத்தே டாக்டர் மயங்கி விழுவாரு" என்று கிண்டல்.

உள்ளே டாக்டர் அம்மா காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "புற்றுநோய்தான். ஆனா ரொம்ப ஆரம்பம். சின்னதா வெட்டி எடுத்துடலாம். புகையிலையை இன்னைக்கே விடணும்."

தம்பி நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அக்கா போட்ட கூச்சல் நடைபாதை முனைவரை கேட்டது. யாரோ ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்களா?" என்றாள்.

"இல்லைங்க, புத்துநோய்தான்!" என்றாள் அக்கா, பல்லெல்லாம் தெரிய. "ஆனா குட்டி!"

பிறகு மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். டாக்டர் அம்மா அவசரமாகக் கண்ணாடியைக் கழற்றி இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.