கதவுக்குக் குறுக்கே ஒரு குடை

போன வருஷக் கதை ஊருக்கே தெரியும். ரயில் நிலையத்தில் ஒருவன் சத்தமில்லாமல் குண்டு வைத்தான். வெடிக்கும் முன்னால் அதைச் செயலிழக்கச் செய்தவர் வெடிகுண்டுப் பிரிவு இன்ஸ்பெக்டர். வைத்தவனோ கூட்டத்தோடு கூட்டமாக நழுவிவிட்டான். அப்புறம் இன்ஸ்பெக்டருக்குப் பாராட்டு என்ன, பேட்டி என்ன! தூக்கம் போனது அவர் மனைவிக்குத்தான். போன் அடித்தாலே கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

அவள் நகரத்தின் நடுவே, ஓர் உயரமான கட்டடத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தாள். ரயில் நிலைய விவகாரத்துக்குப் பிறகு அங்கே மாதாமாதம் ஒத்திகை நடந்தது. மணி அடித்தால் எல்லோரும் படியில் இறங்கி, கார் நிறுத்துமிடத்தில் ‘கூடுமிடம்’ என்ற பலகைக்குக் கீழே வரிசையில் நிற்க வேண்டும். ஆரஞ்சு மேல்சட்டை மாட்டிக்கொண்டு, விசில் ஊதி, இவர்களை மேய்க்கிற வேலை அவளுக்கு. இன்ஸ்பெக்டர் பெண்டாட்டி ஆயிற்றே என்று தலையில் கட்டிவிட்டார்கள். ‘விசில் அக்கா’ என்ற பட்டப்பெயர் இலவச இணைப்பு.

அன்று முற்பகலில் நிஜமாகவே மணி அடித்தது. மேல்மாடியில் குண்டு இருப்பதாக எவனோ வரவேற்பறைக்குப் போன் செய்திருந்தான். பழக்கம் லேசுப்பட்டதா? யாரும் சொல்லாமலே ஜனங்கள் படிக்கட்டில் வரிசை கட்டினார்கள். அவள் மூன்றாம் மாடிக் குழந்தைகள் அறைக்கு ஓடினாள். பள்ளியில் தண்ணீர் வரவில்லை என்று காலையில் திடீர் லீவு விட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் மகளைக் கையோடு கூட்டி வந்திருந்தாள். விடியுமுன்னே டியூட்டிக்குப் போன வீட்டுக்காரருக்கு அது தெரியாது.

மகளை இழுத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் கீழ்த்தளத்துக் கண்ணாடிக் கதவருகே வந்தபோது அவரே போனில் கூப்பிட்டார். வழியில் வந்துகொண்டிருந்தார்.

“ஒருத்தரையும் வெளிய விடாத. போன தடவை சொல்லாம வச்சான். இந்தத் தடவை ஏன் சொல்றான்? எல்லாரையும் வெளிய வரவைக்கத்தான். நீங்க எங்க வந்து நிப்பீங்கன்னு அவனுக்குத் தெரியும்.”

அவள் கண்ணாடி வழியே பார்த்தாள். கூடுமிடம் பலகைக்குக் கீழே, யாரும் வண்டி நிறுத்தக் கூடாத இடத்தில், ஏ.சி. மெக்கானிக் வேன் ஒன்று நின்றது. அதைச் சொன்னாள். குண்டு அவன் சொன்னபடி மேலேயே இருந்துவிட்டால் என்னாவது என்றும் கேட்டாள். இருந்தால் தன் கணக்கு தப்பு என்றார் அவர். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பாப்பா ஸ்கூல்லதானே?” என்றார்.

“ஆமாங்க, ஸ்கூல்லதான்.”

பொய் தானாக வாயில் வந்தது. அவள் கையைப் பிடித்திருந்த மகள் அண்ணாந்து பார்த்தாள். இவ்வளவு பேரின் உயிரும் அந்த மனுஷனின் கையில் இருக்கப்போகிறது, அந்தக் கை ஆடக் கூடாது.

கதவின் இரண்டு கைப்பிடிகளுக்கும் குறுக்கே யாருடையதோ ஒரு குடையைச் செருகிவிட்டு, முதுகைக் கொடுத்து நின்றாள். வந்தது பாருங்கள் வசவு! பைத்தியமா என்றார்கள், எங்களைக் கொல்லப் பார்க்கிறாயா என்றார்கள். மாதாமாதம் தூங்கி வழிந்துகொண்டே இறங்கும் மேனேஜர் அன்றைக்குப் புலியாகி அவள் தோளைப் பிடித்து இழுத்தார்.

“குண்டு வெளிய, அந்த வேன்லதான் இருக்கும். என்னை மிதிச்சிட்டுப் போங்க சார்,” என்றாள் அவள். “என் பொண்ணும் உள்ளதான் நிக்குறா.”

மேனேஜர் குனிந்து அந்தச் சின்ன முகத்தைப் பார்த்தார். தோளிலிருந்த கை நழுவியது. அதற்கப்புறம் அவரே எல்லோரையும் கண்ணாடியைவிட்டு விலக்கி, லிஃப்டுகளுக்குப் பின்னாலிருந்த நடைவழியில் உட்காரவைத்தார். மகளையும் அவரோடு அனுப்பிவிட்டு அவள் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்சந்து வழியாக ஓடிவிடலாமா என்று அவளுக்கும் தோன்றாமலில்லை. பெற்ற வயிறு வேறெப்படி நினைக்கும்?

கனத்த கவச உடையில் வீட்டுக்காரர் வேனுக்குள் ஏறியதைப் பார்த்தாள். பிறகு வேனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நேரமோ, அவளைக் கேட்டால் ஒரு யுகம் என்பாள்.

அவர் இறங்கினார். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையை உயர்த்தினார்.

அப்பாடா! நடைவழியில் ஒருவர் சிரிக்க, ஒருவர் அழ, மேனேஜர் இரண்டையும் சேர்த்துச் செய்தார். வரிசையில் நிற்கும் நேரம் பார்த்து வெடிக்க வைத்த குண்டு என்று செய்தி வந்தது. ஆளும் அகப்பட்டான். தெருவே தலைதெறிக்க ஓடியபோது, எதிர்க் கடை வாசலில் அவன் ஒருவன்தான் நகராமல் இந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றானாம்.

குடையை உருவியதும் மகள் அப்பா என்று கத்திக்கொண்டு ஓடினாள். இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஸ்கூல்னு சொன்னியே,” என்றார், மனைவி பக்கத்தில் வந்ததும்.

“வேற என்னங்க சொல்லச் சொல்றீங்க?”

யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். அவர் வாங்கி மூடியைத் திருகப் பார்த்தார். விரல்கள் நிற்கவே இல்லை, வெடவெடவென்று நடுங்கின. மகள்தான் அதைப் பிடுங்கித் திறந்து, அப்பாவின் வாயில் வைத்தாள்.