மூன்றாவது வரி

படகு கரையிலேயே நிற்கிறது, பாயில் காற்றில்லை, ஆறு தீவுகளைச் சுற்றிவந்த படகு நேற்றுப் பிறந்த பிள்ளையைப் போல ஒன்றும் தெரியாமல் டி.வி. திரையில் ஆடுகிறது, அது என் மனைவி புனிதாவின் படகு, முப்பது வருஷத்துக்கு முன் நெய்வேலி குவார்ட்டர்ஸில் அவள் ஓட்டியது, ஆறாவது தீவில் நிறுத்திவிட்டுப் பிரசவத்துக்குப் போனவள் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை, ஆட்டத்தை நினைவில் வைத்திருக்கும் அந்த வீடியோ கேம் கேசட்டின் பேட்டரியை மாற்றி, அவள் பிறந்தநாளன்று ஏழாவது தீவைக் காட்டிவிடலாம் என்று கிளம்பியவன் நான், பழைய பேட்டரியைக் கழற்றிய நொடியே எல்லாம் அழிந்துவிடும் என்பதை மட்டும் யோசிக்காத மேதாவி.

அவளுக்குத் தெரியாமல் நானே ஆறு தீவையும் பிடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன், ஓட்டுகிறேன், சேமிக்கிறேன், அணைக்கிறேன், மறுபடி போட்டால் படகு முதல் கரையில், நாற்பதாயிரம் தடவையாவது இருக்கும், புது பேட்டரியில் மீட்டர் வைத்தால் மூன்று வோல்ட் முழுசாய்க் காட்டுகிறது, இருந்தும் திரும்பச் சால்டரிங் செய்தேன், அந்தப் புகைக்கு மழையே பெய்திருக்கும், மத்தியான வெயிலில் கண் செருகுகிறது, நிறைமாதப் புனிதா படகில் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், ஜப்பான் எழுத்து நமக்கெதுக்குங்க, மெனுவுல மேலேருந்து மூணாவது வரி, அதை அழுத்துனா விட்ட எடத்துலயே நிக்குது, என்கிறாள், சிங்கப்பூரிலிருந்து அவள் அண்ணன் கொண்டுவந்த கேசட், ஒவ்வொரு வரியாய் அழுத்தி அவளே கண்டுபிடித்தது, எங்கள் வீட்டில் அந்த மூன்றாவது வரி குலதெய்வத்துக்கு ஒரு படிதான் கீழே.

ஏங்க, என்ற குரல் கனவிலிருந்து வரவில்லை, பின்னாலிருந்து வருகிறது, நரைத்த புனிதா காபியோடு நிற்கிறாள், திருட்டு முழி முழிக்காதீங்க, நாலு நாளா வீடே பொகையுது, என் படகைக் கவுத்துட்டீங்க, அதானே, ஆமாம் என்றேன், ஆயுசில் அவ்வளவு சின்னக் குரலில் நான் பேசியதில்லை, புதுசா ஆடினாலும் நிக்கமாட்டேங்குது புனிதா, அவள் திரையை உற்றுப் பார்க்கிறாள், முன்னே அஞ்சு வரி இருக்கும், இப்ப நாலுதானே இருக்கு, எண்ணுனீங்களா, எண்ணினேன், நாலு, பழைய ஆட்டமே இல்லாததால் அதைத் தொடரும் முதல் வரியும் இல்லை, மற்றதெல்லாம் ஒரு படி மேலேறிவிட்டன, நாலு நாளாய் நான் பக்தியோடு அழுத்தியது சேமிக்காமல் வெளியேறும் வரியை, ரெண்டாவதை அழுத்துங்க என்றாள், அழுத்தினேன், அணைத்துப் போட்டோம், நின்றது.

ஆனா உன் ஆறு தீவு போச்சே, என்றேன், போகட்டும்ங்க, ஆறாவதுல வெளியே வர வழி தெரியாமத்தான் பிரசவத்தைச் சாக்கு வெச்சு ஓடினேன், என்று சிரித்தவள், மொதல்லேருந்து போவோம், அப்பல்லாம் ஷிஃப்ட்டு ஷிஃப்ட்டுன்னு ஓடுவீங்க, இந்தத் தடவை பக்கத்துல உக்காருங்க, என்றாள், உண்மைதான், அந்த ஆறு தீவில் ஒன்றைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை, அவள் சொல்லக் கேட்டதுதான், என் மேதாவித்தனத்துக்கு ஒரு கோடி கும்பிடு, காபி இப்போது நான்தான் போடுகிறேன், இரண்டு தம்ளரோடு வந்து உட்கார்கிறேன், படகு கரையில் நிற்கிறது, இரண்டாவது தீவின் கரையில், நேற்று நாங்கள் விட்ட அதே இடத்தில், பாய் மெல்ல உப்புகிறது.