பதினேழு பேருக்கு இடம்

வெர்னன் ஹாஸ்கெட் எங்கள் கல்லூரியின், முட்டி மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பத்தொன்பது ஆண்டுகள் பயிற்சியாளர். முழங்கால் தேய்ந்து களத்தோரம் நிற்க முடியாமல் போனதும், விளையாட்டுத் துறை இயக்குநராக்கி ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். நான் அவருடைய செயலாளர். கதவில் பெயர்ப்பலகை மாறினாலும், நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரில் எல்லோருக்கும் அவர் கோச்தான்.

அவர் இயக்குநரான ஆறாம் ஆண்டில் அணியில் இருபத்தாறு பேரே மிஞ்சினார்கள். மாற்றாள் இல்லாததால், தனித்தனி ஆட்கள் இறங்க வேண்டிய தாக்குதலுக்கும் தடுப்புக்கும் அதே பையன்கள் இறங்கினார்கள். அக்டோபரில் ஒரே ஆட்டத்தில் இருவரை ஆம்புலன்ஸில் ஏற்றினோம். திங்கட்கிழமை காலை அவர் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். இந்தப் பருவத்தோடு கால்பந்தை நிறுத்திவிடலாம் என்று கல்லூரித் தலைவருக்குப் பரிந்துரை. பாதியில் என் விரல்கள் நின்றன.

"டைப் பண்ணுங்க மேபிள். இதை வேற யார் தலையிலயாவது கட்டினா நான் கோழை."

தலைவர் பரிந்துரையை ஏற்றார். ஊர் ஹாஸ்கெட்டை மன்னிக்கவில்லை. முடிவெட்டும் கடையில் அவர் நுழைந்ததும் பேச்சு அடங்கியது. அவரிடம் ஆடிய ராய் டீட்ஸ், இப்போது டிராக்டர் விற்பவன், அலுவலகத்துக்கே வந்துவிட்டான்.

"நீங்க கட்டினதை நீங்களே இடிக்கிறீங்க கோச். நெஞ்சு உறுத்தலையா?"

"உறுத்துது. உட்காரு, காபி குடி."

ராய் உட்காரவில்லை.

ஹாஸ்கெட்டுக்குப் பின் வந்த பயிற்சியாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார். கடைசி ஆண்டு மாணவர்கள் போகப் பதினேழு பையன்கள் மிஞ்சினார்கள். அவர்களுக்கு வேறு கல்லூரி அணிகளில் இடம் பிடிக்க ஹாஸ்கெட் தினமும் தொலைபேசியும் கையுமாக இருந்தார். ஒரு பையனுக்காகப் பேசியபோது, வேறொரு கல்லூரியின் பயிற்சியாளரும் பழைய எதிரியுமான ஆர்லோ பென்டிக்ஸின் குரல் என் மேசை வரை கேட்டது.

"பத்தொன்பது வருஷமா என்னைத் திருடன்னு சொன்னே. இப்ப எங்கிட்டயே இடம் கேக்கறியா?"

"திருடன்தான். ஆனா நல்ல ஆட்டக்காரனைப் பாத்தா உனக்குத் தெரியும்."

"வேகமா ஓடுவானா?"

"மாடு மாதிரி நடப்பான். ஆனா அவன் நின்னா நகத்த முடியாது."

"சரி, அனுப்பு. நீயும் கூட வந்து தொலை, சாப்பிட்டுப் போகலாம்."

பிப்ரவரிக்குள் பதினாறு பேருக்கு இடம் கிடைத்தது. மிச்சம் டுவேன் குபிசெக். கடைசியில் அவனுக்கும் கிடைத்தது, எல்லாவற்றிலும் நல்ல இடம், கன்சாஸில். கூப்பிட்டுச் சொன்னார். அவன் தொப்பியைக் கையில் திருகினான்.

"நான் போகல கோச். எனக்கு ஃபுட்பால் பிடிக்காது."

"மூணு வருஷம் ஆடினியேடா?"

"டைரக்டரான பிறகும் அணிக்கு ஆள் சேக்க நீங்களே எங்க வீட்டுக்கு வந்தீங்க. அம்மா சமைச்சதை ரெண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டீங்க. அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். எப்படி மாட்டேன்னு சொல்றது? நான் இங்கயே கெமிஸ்ட்ரி முடிக்கிறேன்."

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலையே கோச்."

அக்டோபருக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார். அவன் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இவனை மாதிரி எத்தனை பேர் இருந்திருப்பாங்க மேபிள்?"



இன்னும் எட்டு ஆண்டுகள் அவர் அந்தப் பதவியில் இருந்தார். ராய் மறுபடி அவரோடு கைகுலுக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு செப்டம்பரும் எல்லா அணிகளின் மாணவர்களையும் தனித்தனியே அழைத்து, ஆட விருப்பம்தானா என்று கேட்பார். ஒருமுறை வாலிபால் பயிற்சியாளர் கேரல் கோபமாக வந்தாள்.

"என் நல்ல பொண்ணு ரெண்டு பேரோட மனசைக் கலைச்சிட்டீங்க."

"நான் கலைக்கல. கேட்டேன், அவ்வளவுதான்," என்றார் ஹாஸ்கெட். "உட்காரு, வேற ரெண்டு பேரைத் தேடலாம்."