விண்கரை நிலையத்துக்கு நடந்து போனவள்

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளைப் புரட்டியபடி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ரத்த வகை சேருகிறது, மற்றப் பொருத்தமும் சரி, சிறுநீரகம் இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. ரமீஸாவுக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே தம்பிக்குச் சிறுநீரகத்தைக் கொடுத்து முடித்துவிட்ட மாதிரி இருந்தது. அப்புறம் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஆனா இந்த எடையில உங்களுக்கு நாங்க ஆபரேஷன் பண்ண மாட்டோம்மா. சர்க்கரையும் வாசல்ல வந்து நிக்குது. நல்லா எடையக் குறைச்சிட்டு வாங்க, பாக்கலாம்."

"எம்புட்டு குறைக்கணும்மா?"

டாக்டரம்மா சொன்ன கணக்கைக் கேட்டதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் பைரோஸ், "அது ஒரு மூட்டைல்ல?" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். ஏலக்காய் வியாபாரி அவர். எடை என்றால் அவருக்கு மூட்டைதான்.

ரமீஸாவுக்கு நாற்பத்து மூன்று வயது. போடியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அவர்கள் ஏலக்காய்க் கடையில் காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை எழுந்திருக்க மாட்டாள். தம்பி தௌபீக் அவளைவிட ஆறு வயது இளையவன். மலைக்கு ஜீப்பில் போய்த் தோட்டக்காரர்களிடம் காய் வாங்கி வருவது அவன் சோலியாக இருந்தது. சிறுநீரகம் கெட்டதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் தேனியில் டயாலிசிஸ் மெஷினோடு படுத்துக் கிடந்தான். அவன் மனைவி சபியாவின் ரத்த வகை சேரவில்லை. ரமீஸாவினுடையது சேர்ந்தது. சேர்ந்தும் என்ன?

ஊருக்கு வந்த மறுநாளே விடியலில் நடக்கக் கிளம்பினாள். தெரு முனை தாண்டுவதற்குள் நாலு பேர், "என்ன இம்புட்டு காலைல? யாருக்கு என்ன?" என்று விசாரித்தார்கள். எல்லாருக்கும் நின்று பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தபோது மூட்டு வலித்ததுதான் மிச்சம். அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. மேற்கு மலை முகமே தெரியாமல் மூடிக் கிடந்தது. அவளும் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

பைரோஸ் சாயங்காலம் வரும்போது பரோட்டா பொட்டலம் கொண்டு வருவது மட்டும் நிற்கவில்லை. "பசியோட இருக்காத" என்று அவள் முன்னால் வைத்துவிட்டுப் போவார். அது பாசம் மட்டுமில்லை என்பது அவளுக்குத் தெரியும். இருவரும் அதைப் பேசாமல் வைத்திருந்தார்கள்.

வழியைச் சொன்னவன் தௌபீக்தான். அவனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. அவன் பிறப்பதற்கு முன்பே எடுத்து முடித்த ஓர் ஆங்கிலத் தொடர். பிரபஞ்சத்தின் விளிம்பில் ஒரு நிலையம், வழி தவறும் கப்பல்களுக்கு விளக்குக் காட்ட அங்கே ஆறு பேர். யாரோ ஒரு புண்ணியவான் படத்துக்குக் கீழே தமிழில் எழுத்துப் போட்டு இணையத்தில் ஏற்றியிருந்தார். 'விண்கரை நிலையம்' என்று தௌபீக் அதற்குப் பெயர் வைத்திருந்தான். மெஷினோடு கிடக்கும் நேரமெல்லாம் அதுதான் அவனுக்குத் துணை.

"அக்கா, எங்கூட சேந்து பாரேன்" என்றான் போனில். "நீ போன் போட்டாலே கிரியேட்டினின் எம்புட்டு, யூரியா எம்புட்டுன்னுதான் கேக்குற. வேற பேச்சே இல்ல நமக்கு."

"எனக்கு எங்கடா நேரம்? நான் நடக்கணும்."

"நடந்துக்கிட்டே பாரு. நான் படுத்துக்கிட்டு பாக்குறேன், நீ நடந்துக்கிட்டு பாரு. நீ நின்னேன்னா நானும் நிறுத்திருவேன். கத தெரியணும்னா நட."

கடைக்கு மேல் மாடியில் குடோன். ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே ஓர் ஆள் கையை வீசி நிற்க இடம் இருந்தது. ரமீஸா மூட்டை மேல் போனைச் சாய்த்து வைத்து, முந்தானையை இழுத்துச் செருகி, நின்ற இடத்திலேயே நடக்க ஆரம்பித்தாள். இன்னொரு போனின் ஸ்பீக்கரில் தௌபீக் எண்ணினான். மூன்று என்றதும் இருவரும் ஒன்றாக அழுத்தினார்கள்.

முதல் நாள் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அட்டையில் செய்த நட்சத்திரக் கப்பல். வேற்றுக் கிரகத்துப் பாறையில் கதாநாயகன் சாய்ந்ததும் பாறை ஆடியது.

"டேய், பாற ஆடுதுடா!"

"ஆடும். நீ நிக்காத, காலத் தூக்கு."

கால் மணி நேரத்தில் நாக்கு தள்ளியது. மூட்டை மேல் சரிந்து உட்கார்ந்தாள். சொன்னபடியே தௌபீக் நிறுத்திவிட்டான். திரையில் நிலையத்தின் கதவு பாதி திறந்தபடி நின்றது. வெளியே யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் அன்று பூராவும் கல்லாவில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அப்படித்தான் பிடித்துக்கொண்டது. டயாலிசிஸ் இருக்கும் நாட்களில் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு மாடி ஏறுவாள். அந்தத் தொடரில் மகிரா என்று ஒரு மெக்கானிக் பெண் வந்தாள். கனத்த உடம்பு. எல்லாரும் பயந்து ஓடும்போது அவள் மட்டும் ஸ்பேனரோடு எதிர்த்திசையில் போவாள். அவள் வந்தாலே ரமீஸாவின் கால் வேகமாகப் போகும். கொஞ்ச நாளில் ஒரு முழுக் கதையையும் நிற்காமல் நடந்து முடித்தாள். அப்புறம் உயரம் குறைந்த மரப்பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு அதில் ஏறி இறங்கினாள்.

கீழே கடையில் கூலிக்குக் காய் பொறுக்கித் தரம் பிரித்த பெண்களின் தலைக்கு மேல் பலகை அதிர்ந்தது. பொன்னுமணி அங்கே மூத்தவள், வாய்க்காரி. "யக்கா, மேல என்ன, நெல்லா குத்துறீக?" என்றாள். ரமீஸா இறங்கி வந்து அன்றைய கதையைச் சொன்னாள். மறுநாளிலிருந்து, "மகிரா பொழச்சாளா இல்லையா, வெரசா போயிப் பாத்துட்டு வாங்க" என்று பொன்னுமணியே அவளை மாடிக்கு விரட்ட ஆரம்பித்தாள்.

சோறு பாதியானது. இனிப்பும் டீக்கடை வடையும் போயின. பரோட்டாவைப் பிரிக்காமலே பொன்னுமணியின் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பினாள். ரவிக்கையைப் பிடித்துத் தைக்க வேண்டி வந்தது. தராசு முள் இறங்கிக்கொண்டே வந்து, பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டது. என்ன செய்தும் அசையவில்லை. டாக்டரம்மா கேட்டதில் கால்வாசி இன்னும் பாக்கி இருந்தது.

அந்தச் சமயத்தில் பார்த்துத் தௌபீக்குக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. தேனியில் அட்மிட் செய்தார்கள். போனில் சபியாதான் பேசினாள், "கண்ணத் தொறக்கவே அசதியா இருக்கு மதினி." மாடிக்குப் போன ரமீஸா அவன் இல்லாமல் தொடரைப் போட மனசில்லாமல் மூட்டை மேல் உட்கார்ந்தாள். அடுத்த நாளும் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாள் மாடிக்கே போகவில்லை. பைரோஸ் வாங்கி வந்த பரோட்டாவைப் பிரித்துச் சாப்பிட்டாள். அவர் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டாள்.

அந்த வாரத்தில் குரங்கணிக்கு மேலே தோட்டம் வைத்திருந்த யோசேப்பு போன் செய்தார். காய் உலர்த்தி முடிந்துவிட்டது, சாயங்காலம் வேறு வியாபாரி வருகிறான், தௌபீக்கின் முகத்துக்காக முதலில் உங்களிடம் சொல்கிறேன் என்றார். பைரோஸ் ஏலக்காய் ஏலம் விடும் மையத்துக்குப் போயிருந்தார். போக வேறு ஆள் இல்லை. ரமீஸாவே ஜீப்பில் ஏறினாள்.

குரங்கணி தாண்டி மண்பாதையில் கொஞ்ச தூரம் போனதும், மழைக்குச் சாய்ந்த மரம் ஒன்று குறுக்கே கிடந்தது. டிரைவர் ஈஸ்வரன் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். "வண்டி போவாதுக்கா. திரும்பிருவமா? மேல நடக்கணும்னா ஏத்தமான ஏத்தம்."

ரமீஸா மேலே பார்த்தாள். ஆள் உயரத்துக்கு மேல் ஏலச்செடிகள், அதற்கும் மேலே நிழல் மரங்கள், அதற்கும் மேலே மேகம். கல்யாணமான புதிதில் ஒருமுறை இந்தப் பாதையில் பாதியில் உட்கார்ந்து, ஆட்கள் கைத்தாங்கலாக இறக்கிவிட்டது நினைவுக்கு வந்தது. "அண்ணே, வண்டிய இங்கயே போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஏறினாள். அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்க ஈஸ்வரன் கொடுத்த மூக்குப்பொடியைக் காலில் பூசிக்கொண்டு ஏறினாள். மூச்சு வாங்கியது, ஆனால் அறுந்துபோகவில்லை. மரப்பெட்டியில் ஏறி இறங்கிய கால்கள் அவளைக் கேட்காமலே அடுத்த கல்லைத் தேடி வைத்தன. ஓடைக்கரையில் நின்று திரும்பிப் பார்த்தபோது ஜீப் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. நான்தானா இவ்வளவு தூரம் வந்தேன்?

வாசலில் நின்ற யோசேப்பு வாயில் கை வைத்தார். "ஆத்தா, நீயா நடந்து வந்த?"

காயைப் பார்த்து விலை பேசி முடித்ததும், போனில் சிக்னல் கிடைக்கும் ஒரு பாறை மேல் ஏறி நின்று சபியாவுக்குப் போட்டாள். சபியா போனைத் தௌபீக்கின் காதில் வைத்தாள்.

"டேய், யோசேப்பண்ணன் தோட்டத்துல நிக்கிறேன். மரம் விழுந்துருச்சு, நடந்தே ஏறிட்டேன். இப்ப ஒரு பாற மேல நிக்கிறேன்டா. இது ஆடல."

அந்தப் பக்கம் இருமல் கேட்டது. இருமலுக்குள் சிரிப்பும் கேட்டது. "மகிராக்கா" என்றான் தௌபீக், "வந்துக்கிட்டே இரு. நான் எங்கயும் போவல."

மறுநாள் அவள் மாடி ஏறினாள். தௌபீக் எழுந்து உட்காரும் வரை, முன்பே பார்த்து முடித்த பழைய கதைகளையே திரும்பப் போட்டு நடந்தாள். நடுவில் ஒரு நாள் படியில் காலடி கேட்டது. பைரோஸ் வந்து மூட்டை மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்தக் கெழவன் யாரு?"

"கப்பல ஒளிச்சு வச்சவன். நின்னா கத தெரியாது, நடங்க."

அவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் பக்கத்தில் நின்று காலைத் தூக்கி வைத்தார். பரோட்டா பொட்டலம் அன்றோடு நின்றது. தராசு முள் மறுபடி நகர ஆரம்பித்தது.

பனிக்காலம் முடிவதற்குள் மதுரைக்குப் போனார்கள். டாக்டரம்மா எடை மெஷினைப் பார்த்து, ரிப்போர்ட்டைப் பார்த்து, அவளை ஒருமுறை சுற்றித் திரும்பச் சொன்னார். "எப்படிம்மா?" என்று கேட்டார். "டிவி பாத்தேன்" என்றாள் ரமீஸா.

அதற்குப் பிறகு அனுமதிக் குழு. சிறுநீரகம் கொடுப்பவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று உறுதி செய்யும் அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ரமீஸா தன் பதிலைச் சொல்லிவிட்டாள். பிறகு பைரோஸிடம் திரும்பினார்கள். "உங்களுக்குப் பூரண சம்மதமா? பயமில்லையா?"

பைரோஸ் ரமீஸாவை ஒருமுறை பார்த்தார்.

"பயம் இருக்கு" என்றார். "இவளால எடையக் குறைக்க முடியாம போனா நல்லதுன்னு நெனச்சேன். இவளுக்கு ஒண்ணு ஆயிட்டா எனக்கு யாரு இருக்கா? தீனியக் கூட கொண்டாந்து கொண்டாந்து வச்சேன். இவ அதையும் தாண்டிப் போயிட்டா. இம்புட்டு தூரம் நடந்தவள நிறுத்த நான் யாரு? எனக்குச் சம்மதம்."

வெளியே வராந்தாவில் வந்து நின்றதும் ரமீஸா அவர் கையைப் பிடித்தாள். "தெரியும்" என்றாள். அவ்வளவுதான் பேசினார்கள்.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்தபோது விலாவில் வலி பிடுங்கி எடுத்தது. உதடு காய்ந்திருந்தது. முதல் கேள்வியை அவள் கேட்பதற்கு முன்னாலேயே, "உங்க கிட்னி அங்க போனதும் வேலைய ஆரம்பிச்சிருச்சுக்கா" என்றாள் நர்ஸ். சபியா வாசலில் நின்று அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

மூன்றாம் நாள் நடக்கவிட்டார்கள். பைரோஸ் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தா வழியாக மெல்ல மெல்லப் போய், தம்பியின் அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். தொற்று பயத்தால் உள்ளே போக அனுமதி இல்லை. தௌபீக் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் வீக்கம் வடிந்து, பழைய தாடை எட்டிப் பார்த்தது. அவன் கையில் ஒரு பெரிய தம்ளர் தண்ணீர். சிறுநீரகம் கெட்டதிலிருந்து இரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளந்து, வாயை நனைத்து நனைத்துக் கிடந்தவன். இப்போது டாக்டர்கள் அவனைக் குடி குடி என்கிறார்கள்.

அக்காவைப் பார்த்ததும் தம்ளரை உயர்த்திக் காட்டினான். பிறகு அண்ணாந்து, தண்ணீர் கழுத்தில் வழிய, நிறுத்தாமல் குடித்தான். ரமீஸா கண்ணாடியில் நெற்றியை வைத்து, கடைசிச் சொட்டு வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.