சாரா பீவி எடுத்த படம்

காத்தமுத்துவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. பகலெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவன் வீட்டில் காலை நீட்டி உட்காருவான் என்றுதானே நினைப்போம்? இவன் வந்ததும் வராததுமாக பீரோவைத் திறந்து, காமிராக்களைக் கட்டிலில் பரப்பிவிடுவான். மொத்தம் ஐந்து. ஐந்தும் சதுரப் படம் எடுப்பவை, ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு. நீளப் படக் காமிராவைச் சும்மா கொடுத்தாலும் தொடமாட்டான். "சதுரம்னா காமிராவைப் படுக்க வைக்கணுமா, நிமித்தணுமான்னு ரோசனையே வேண்டாம்" என்பான். அப்படிச் சொல்கிற ஆசாமி, ஐந்தில் எதை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்று யோசித்து யோசித்தே, கொள்ளிடக் கரையில் வெளிச்சம் போகும்வரை ஸ்ரீரங்கத்து வீட்டைவிட்டு நகராமல் கிடந்த ஞாயிற்றுக்கிழமைகள் எத்தனையோ.

ஒன்று கைக்கு வந்த மறுநாளே அதன் குறை தெரிந்துவிடும். மடக்குக் காமிராவில் தூரத்தைக் குத்துமதிப்பாக வைக்கவேண்டும். பெட்டிக் காமிராவில் நல்ல வெயில் இல்லாவிட்டால் ஒன்றும் விழாது. பெங்களூரிலிருந்து ஆசை ஆசையாக வரவழைத்ததில் லென்ஸுக்குள் பூஞ்சை. அன்றிலிருந்து அவனுக்குப் பூஞ்சைப் பயம் பிடித்துக்கொண்டது. எந்தக் காமிரா கிடைத்தாலும் அதன் முதுகைத் திறந்து, லென்ஸ் வழியாக வானத்தைப் பார்த்துவிட வேண்டும். பார்க்காவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

"உங்களுக்கு வேண்டியது காமிரா இல்லைங்க, அடுத்த காமிரா" என்பாள் மனைவி மயிலம்மாள். அதில் பொய்யே இல்லை.

அந்த அடுத்த காமிரா மூன்று வருஷமாகப் பாலக்கரை ஹபீபுல்லா பாயிடம் இருந்தது. பினாங்கில் கடை வைத்திருந்தவர், ஐம்பத்தெட்டில் ஊரோடு வந்துவிட்டபோது தோளில் மாட்டிக்கொண்டு வந்த ரோலிபிளெக்ஸ். மேலே ஒரு கண், கீழே ஒரு கண். குனிந்து கண்ணாடியில் பார்த்தால் உலகமே அதற்குள் இறங்கி நிற்கும். பாய் பார்க்கக் கொடுப்பார், தன் தோளிலிருந்து வாரைக் கழற்றமாட்டார். "எப்பதான் பாய் குடுக்கப்போறீங்க?" என்று இவன் கேட்பான். "நான் மவுத்தானப்புறம் எடுத்துக்க தம்பி" என்று அவர் சிரிப்பார்.

அறுபத்தொன்று மாசியில் நெஞ்சுவலியில் அவர் போய்விட்டார். செய்தி கேட்டதும் காத்தமுத்துவின் நினைவுக்கு முதலில் வந்தது பாயின் முகம் இல்லை, காமிரா. அவனுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டானே ஒழிய, நினைப்பதை நிறுத்தவில்லை. பாயின் மனைவி சாரா பீவி இத்தா இருந்தார். நாலு மாசம் பத்து நாள் வெளி ஆண்களைப் பார்க்கமாட்டார். ஒர்க்‌ஷாப் காலண்டரில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவன் இவன் ஒருவன்தான்.

ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை அவரே சொல்லியனுப்பினார். போனான். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, காமிராவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரையும் அவங்கதான் படம் எடுத்தாங்க தம்பி. அவங்களை எடுக்க ஆளில்லை. வீட்டைச் சல்லடை போட்டுத் தேடிட்டேன். பாஸ்போர்ட்டுல ஒண்ணு இருக்கு, சின்ன வயசுல எடுத்தது. அது யாரோ மாதிரி இருக்கு."

"சொல்லுங்கக்கா."

"மவுத்தாகிறதுக்கு நாலு நாள் முந்தி, 'இந்தா, நீ ஒண்ணு எடு'ன்னு என் கையில குடுத்தாங்க. குனிஞ்சு பாத்தா எல்லாம் இடவலமா மாறித் தெரியுது. அவங்க இப்படி நகந்தா உள்ளே அப்படிப் போறாங்க. எப்படியோ அமுக்கிட்டேன். அதுதான் கடைசிப் படம். அப்புறம் யாரும் தொடலை. பிலிம் உள்ளேயே இருக்கு. அதைக் கழுவி அந்த ஒரு படத்தை எனக்குக் குடுத்துடுங்க. காமிராவை நீங்களே வச்சுக்குங்க, விலையெல்லாம் வேண்டாம்."

"பத்திரமாக் கொண்டாந்து தரேங்கக்கா" என்றான். மனசாரத்தான் சொன்னான்.

தெப்பக்குளத்தில் பஸ் மாறவேண்டும். ஸ்ரீரங்கம் பஸ் வர அரைமணி ஆகும் என்றார்கள். உச்சி வெயிலில் குளத்துச் சுவரில் உட்கார்ந்தான். மலைக்கோட்டை தலைக்கு மேல் நின்றது. காமிராவின் உறையைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். மூன்று வருஷம் பாயின் அலமாரி, அதன்மேல் நாலு மாசம் யாரும் தொடாத பூட்டு. உள்ளே பூஞ்சை இருந்தால்? வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று புத்தி சொன்னது. புத்தி சொல்வதைக் கேட்கிற ஆளா இவன்?

பாக்கி ரோலைச் சுற்றி முடித்துவிட்டால் திறந்து பார்க்கலாம் என்று தோன்றியது. அவனுடைய ஐந்திலும் திருகு லேசாகச் சுற்றிக்கொண்டே போகும். முதுகிலிருக்கும் சிவப்பு ஜன்னலில் நம்பரைப் பார்த்து நாம்தான் நிறுத்தவேண்டும். இதில் சிவப்பு ஜன்னல் இல்லை. பக்கவாட்டில் கைப்பிடி. சுற்றினான். ஒரு சுற்று போய்க் கடக்கென்று நின்றது. இந்த ரகத்தில் ஒவ்வொரு படத்துக்கும் கைப்பிடி தானாக நிற்கும். அது அவனுக்குத் தெரியாது. நம்பர் காட்டும் துளை கைப்பிடிக்கு மேலேயே பொடியாக இருந்தது. அதைத் தேடும் பொறுமையும் இல்லை. நின்றுவிட்டது, அப்படியானால் ரோல் முடிந்தது என்று தனக்குச் சாதகமாக முடிவுகட்டி முதுகைத் திறந்தான்.

காகிதம் தெரிந்தது. ரோலின் கடைசியில் வரும் வால் காகிதம் என்று நினைத்துக் கட்டைவிரலால் நெம்பினான். அடியில் பால் நிறத்தில் பிலிம், வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

படாரென்று மூடினான். ஒரு மூச்சு விடும் நேரம்தான். அதுவே போதும். கடைசியாக எடுத்த படம்தான் சுருளில் மேலே இருக்கும் என்பது அவனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஸ்ரீரங்கம் பஸ் வந்தது, போனது. அவன் ஏறவில்லை.

அன்று பிற்பகலே சாமான் அறை ஜன்னலில் கம்பளியைக் கட்டிக் கழுவினான். ஒன்பது படம் ஓரம் தீய்ந்து பிழைத்தன. பாயின் மகள் வஹீதா, ஆட்டுக்குட்டி, ஆற்றில் வெள்ளம். பத்தாவது ஒரே கறுப்பு. அடியில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குத் தப்பியிருந்தது. கைலி விளிம்பு, தோல் செருப்புப் போட்ட இரண்டு பாதம், அவ்வளவுதான். லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று அவன் பார்க்கவேயில்லை. வாரம் முழுக்கப் பாதித் தட்டுச் சோற்றிலேயே எழுந்தான். "புதுசு வந்த வீடு மாதிரியா இருக்கு?" என்றாள் மயிலம்மாள்.

அடுத்த ஞாயிறு ஒன்பது படத்தோடும் காமிராவோடும் போனான். பத்தாவதின் நெகட்டிவைத் தனியாக வெட்டிச் சட்டைப்பையில் வைத்திருந்தான். எதற்கு வைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. சாரா பீவி ஒவ்வொன்றாகப் பார்த்தார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"நான் எடுத்தது இல்லையே தம்பி?"

"அது விழலைக்கா. புதுக் கை இல்லையா? ஆடியிருக்கும்."

பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்த வார்த்தை. வழுக்கிக்கொண்டு வந்தது.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார் அவர். "இருபத்திரண்டு வருஷத்துல என்னை நம்பி அந்த ஒண்ணைத்தான் குடுத்தாங்க. அதையும் கெடுத்துட்டேன். உங்களை வீணா அலைய விட்டுட்டேன் தம்பி, மனசுல வச்சுக்காதீங்க. காமிரா உங்களதுதான்."

காமிராவை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். தெருமுனைவரை போனான். கேட்டது கிடைத்துவிட்டது, போகலாம். கால் போகவில்லை. அந்த அம்மா மன்னிப்புக் கேட்டதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் பஸ் ஏறியிருப்பான். திரும்பி வந்து வாசற்படியில் நின்றபடியே, தெப்பக்குளத்துச் சுவரில் நடந்தது முழுவதையும் சொல்லிவிட்டு நெகட்டிவை நீட்டினான்.

சாரா பீவி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது அவங்க கால்தான்" என்றார். "அப்போ நான் சரியாத்தான் எடுத்திருக்கேனா?"

"சுத்தமா விழுந்திருக்குக்கா. செருப்புத் தையல்கூடத் தெரியுது. கெடுத்தது நான்."

"ஒரு வாரமா இதைப் பையில வச்சுக்கிட்டா இருந்தீங்க?"

அவர் நெகட்டிவை முந்தானையில் முடிந்துகொண்டு கையை நீட்டினார். காத்தமுத்து தோளிலிருந்து வாரைக் கழற்றிக் கொடுத்தான்.

அவர் அதை மடியில் வைத்து மேல்மூடியைத் திறந்தார். "வஹீதா, இங்க வா. ஜன்னல்கிட்ட வந்து நில்லு" என்று உள்ளே குரல் கொடுத்தார். பிறகு அவனைப் பார்க்காமலேயே சொன்னார்:

"ரோல் எப்படி மாட்டுறதுன்னு காட்டிட்டுப் போங்க."