இருசம்மாள் நின்ற அளவு

பெரம்பலூர் துறைமங்கலத்தில் மணிவேல் கட்டிய வீட்டில் பேய் எதுவும் இல்லை. கொலுசுச் சத்தம் கேட்டதில்லை, மல்லிகைப்பூ வாடை வந்ததில்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் அவன் மனைவி கொளஞ்சியம்மாள் பூசாரியைக் கூட்டிவந்து வேப்பிலை அடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். அளவுகளுக்கு எந்தப் பூசாரி வேப்பிலை அடிப்பார்?

ஊரில் எல்லாரும் கட்டுகிற மாதிரி வீடுதான். ஹாலில் டிவி யூனிட், பக்கத்தில் ஷோகேஸ், அதில் கவர் பிரிக்காத பொம்மைகள், சோபாவுக்குப் பூப்போட்ட உறை. மணிவேலின் முதல் மனைவி இருசம்மாள் கூடவே நின்று கட்டிய வீடு. கிரகப்பிரவேசத்துக்கு இருபது நாள் இருக்கும்போது காய்ச்சலில் படுத்தவள் அப்படியே போய்ச் சேர்ந்தாள். அந்த வீட்டில் அவள் ஒருவேளை சோறு பொங்கியதில்லை. ஆனாலும் வீடு முழுக்க அவள்தான் நின்றாள்.

அய்யம்பெருமாள் கொத்தனார் சமையல் மேடைக்கு டேப் பிடிக்கிறவர் இல்லை. வீட்டுக்காரம்மாவைச் சுவரோரம் நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு நாலு விரற்கடை கீழே செங்கல் துண்டால் ஒரு கோடு போடுவார். மேடை அந்தக் கோட்டில் உட்காரும். இருசம்மாள் குள்ளம். அதே சூட்டோடு வாஷ்பேசின் கண்ணாடி, சாமி அலமாரி, துணி மாட்டும் ஆணி எல்லாவற்றுக்கும் அவளையே நிற்கவைத்துக் கோடு போட்டுவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து வாழவந்த கொளஞ்சியோ செந்துறையிலேயே உயரமான பெண். அந்த உயரத்தால்தான் முப்பத்தாறு வயதுவரை வரன் தட்டிக்கொண்டே போனது. கொடிக்கம்பம் என்று கேலி பேசினார்கள். அவள் அதற்கெல்லாம் குறுகிப்போகிறவள் இல்லை. தேர்க் கூட்டத்தில் எல்லார் தலைக்கும் மேலாகச் சாமி பார்க்க முடிகிறதே என்று அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு.

குடிவந்த மறுநாள் காலையில் பல் துலக்கிவிட்டு நிமிர்ந்தாள். கண்ணாடியில் கழுத்துக்குக் கீழேதான் தெரிந்தது. தலையில்லாமல் ஒரு புடவை நின்றது. குனிந்த பிறகுதான் முகம் வந்தது. அன்றிலிருந்து பொட்டு வைக்கக் குனிந்தாள், விளக்கேற்றக் குனிந்தாள், மாவு பிசையவும் காய் நறுக்கவும் குனிந்தாள். மணிவேல் ஆபீஸ் போன பிறகு வீட்டுக்குள் நடந்தால், தன் தோளுயரத்தில் இன்னொருத்தி கூடவே நடப்பதுபோல் இருக்கும். திரும்பினால் ஆணியில் துண்டு தொங்கும். தெரிந்தும் மறுநாள் திரும்புவாள்.

"மேடைய மட்டும் ஒசத்திக் கட்டலாங்க. இடுப்பு வுட்டுப்போவுது" என்று முதல் வருடமே கேட்டாள்.

மணிவேல் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவ நின்னு அளவு குடுத்தது கொளஞ்சி. அவளோடதுன்னு அது ஒண்ணுதான் இருக்கு. அதையும் ஒடைக்கச் சொல்றியா?"

ஒன்றுதானா என்று கேட்க வாய்வரை வந்தது. செத்தவளோடு யார் மல்லுக்கட்டுவது? ஆனால் அந்த வீட்டில் தான் நிமிர்ந்து நிற்க ஓரிடமாவது வேண்டும், இல்லாவிட்டால் தான் கடைசிவரை இருசம்மாள் வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பவள்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆறு வருடம் அதையே நினைத்துக்கொண்டு குனிந்தாள்.

போன மாதம் அடுப்படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இடுப்பைவிட மேடையைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார். மணிவேல் வழிக்கு வந்தான். "சரி, மேடை மட்டும். கண்ணாடியெல்லாம் தொடக்கூடாது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அய்யம்பெருமாளே சுத்தியலோடு வந்தார். கொளஞ்சி தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு காத்திருந்தாள். முதல் முறையாக அந்த வீட்டுக்கு அவளுடைய அளவு தேவைப்பட்டது.

"வாங்கம்மா, மேடையோரமா நில்லுங்க. கைய மடக்குங்க."

மடக்கினாள். முழங்கைக்குக் கீழே நாலு விரல் வைத்து, செங்கல் துண்டைக் கொண்டுபோனார். அது மேடையின் கருங்கல் விளிம்பில் போய்த் தட்டியது.

"செத்த நிமிந்து நில்லுங்கம்மா."

"நிமிந்துதாண்ணே நிக்கிறேன்."

மறுபடி விரல் வைத்தார். மறுபடியும் அதே விளிம்பு. துண்டைக் கையில் உருட்டியபடி தயங்கினார். "மேடை சரியாத்தானம்மா இருக்கு. ஒரு நூல்கூட வித்தியாசமில்ல. அந்தம்மாவுக்கு எடுத்த அளவேதான்."

வாசற்படியில் நின்ற மணிவேல் உள்ளே வந்து அவளருகில் நின்றான். அவள் தலை அவன் தோளுக்குத்தான் வந்தது. இருசம்மாள் அவ்வளவுதான் இருப்பாள்.

"பொண்ணு பாக்க வந்தப்ப நீ என்னவிட ஒசரமால்ல இருந்த" என்றான். சொல்லிவிட்டு ஓரடி பின்னால் போனான். அவன் முகத்தில் இருந்தது பயம். அதைப் பார்த்ததும் கொளஞ்சி கொத்தனார் பக்கம் திரும்பினாள்.

"ஒடைங்கண்ணே" என்றாள்.

"ஒடைச்சுரலாம்மா. எந்த அளவுக்குக் கட்டறது?"

அவள் எதிர்ச்சுவருக்குப் போனாள். குதிகாலை ஒட்டிவைத்து முதுகைச் சாய்த்தாள். முதுகு பட்டது. தலை சுவருக்கு எட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் தள்ளினாள்.

"இருங்கண்ணே, நிமிந்துடறேன்" என்றாள்.

செங்கல் துண்டும் கையுமாகக் கொத்தனார் காத்திருந்தார்.